லைட் வேலை

எழுபதுகளில் கல்பாக்கம் பக்கம் குடியிருப்பு கட்டிய ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் டைம் கீப்பர். காலையில் பேர் கூப்பிட்டு ஆஜர் போடுவது, லீவுச் சீட்டு வாங்குவது, யாராவது கெஞ்சினால் எரிந்து விழுவது, இதுதான் என் உத்தியோகம். ஜுரம் என்றால் தொட்டுப் பார்க்கலாம். அடிபட்டால் கட்டு இருக்கும். கழுத்து வலி என்று வருகிறவனிடம் எதைப் பார்ப்பது? "நடிப்புடா" என்று ஒரே போடாகப் போட்டு அனுப்பிவிடுவேன்.

புதுப்பட்டினத்துக்காரன் ஒருவன் எங்களிடம் சிமென்ட் மூட்டை சுமந்தான். அந்த வருஷம் சில பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. லீவு போட்டவன் பெயரை அடித்துவிடுவார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவன் அந்தப் பட்டியலைத்தான் நம்பியிருந்தான். கழுத்து ஒரு பக்கமாக இறுகி, வலது கை மரத்துப்போன பிறகும் வேலைக்கு வந்துகொண்டே இருந்தான்.

ஒருநாள் மூட்டையோடு சாய்ந்துவிட்டான். டாக்டர் பதினைந்து நாள் ஓய்வு எழுதப் போனாராம். இவன் காலில் விழாத குறையாக, "லீவு மட்டும் வாணா சார்" என்றிருக்கிறான். பாவம் பார்த்து அவர் ஓய்வுக்குப் பதிலாக இங்கிலீஷில் வேறு ஒன்று எழுதிக் கொடுத்தார். சீட்டு என் மேஜைக்கு வந்தது.

"இன்னா சார் எழுதிகீறாரு?" என்றார் மேஸ்திரி.

"பதினஞ்சு நாளைக்கு லைட் வேலையாம்" என்றேன், தலையைக்கூடத் தூக்காமல். சுலபமான வேலை என்று தமிழில் சொல்லியிருந்தால் என் வாயிலிருந்த முத்தா உதிர்ந்திருக்கும்?

மூன்று நாள் கழித்துப் புதுக் கட்டடத்துக்குள் போனேன். அவன் ஏணியில் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, கூரையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். இடது கை பிடரியைத் தாங்கியிருந்தது.

"இவன எதுக்கு இங்க ஏத்துன?" என்று மேஸ்திரியிடம் கத்தினேன்.

"நீதான சார் லைட்டு வேலன்னே? அதான் எலெக்ட்ரிக் ஆளுங்களாண்ட உட்டேன்."

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், சிரித்தேன். பிறகு ஏணியைப் பார்த்தேன், அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்போதே இறக்கியிருக்க வேண்டும். இறக்கினால் மேனேஜர் காரணம் கேட்பார், தப்பு என் தலையில் விடியும். இன்னும் பன்னிரண்டு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். சீ, அவ்வளவு கேவலமான பயம்.

நிரந்தரமாக்கும் முன் உடல் பரிசோதனை நடந்தது. மேலே பார் என்றார்கள், அவனால் முடியவில்லை. பக்கவாட்டில் திரும்பு என்றார்கள், உடம்போடு திரும்பினான். அவன் பெயரை அடித்துப் புதுப் பட்டியலை டைப் செய்தது நான்தான்.

மறுநாள் என் அறைக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"கெட்ச்சா பாக்கலாம்னு இருந்தேன், கெட்க்கல. அத்த வுடு சார்" என்றான். "நீ மட்டும் அன்னிக்கி அந்த வேலய வாங்கிக் குடுக்கலேன்னா லீவுலயே என் பேரு பூட்டிருக்கும். நல்லா இருக்கணும் சார் நீ."

"சரி, போய்ட்டு வா" என்றேன்.