ஏழு மணி நேரம் என்று சொன்ன டீச்சர்

சாந்தி டீச்சர் இறந்த செய்தி எனக்குப் பாரிசில் வந்தது. மகள் வீட்டில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் செலியமேட்டிலிருந்து நம் வகுப்புக் கன்னியப்பன் போன் செய்தான். நெஞ்சு வலி என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். "சாயந்திரம் எடுத்துடுவாங்கப்பா. நீ வந்து சேர முடியாது" என்றான். நடுவில் எட்டாயிரம் கிலோமீட்டர். முடியாதுதான்.

முதியோர் வகுப்பில் என்னோடு அவரிடம் படித்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நான்கு நாட்களாக எழுதுகிறேன். எழுத்தெழுத்தாகத்தான் வருகிறது. ஆனாலும் வருகிறது. துக்கத்திலும் அதில் எனக்குச் சந்தோஷம்.

மகள் அனுப்பிய டிக்கெட்டை நான் வகுப்புக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கும். டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டு டிக்கெட்டையே பாடமாக்கினார். சென்னையில் இரவு ஒன்று ஐம்பதுக்குப் புறப்பாடு, பாரிசில் காலை எட்டு ஐம்பதுக்கு இறங்குதல். கழித்துப் பார்த்து, "ஏழே மணி நேரந்தான் ஐயா. ஒரு நாள் நடவு வேலகூட இல்ல" என்றார். "வாட்ச கட்டிக்கினு போடா, லேட் பண்ணா டிரைவரக் கேளு" என்றான் கன்னியப்பன். கடிகாரத்தோடுதான் ஏறினேன்.

ஏழு மணி நேரம் முடிந்தது. விமானம் இறங்கவில்லை. நம் ஊரில் வெயில் முதுகைச் சுடும் நேரம், ஜன்னலுக்கு வெளியே இன்னும் விடியவே இல்லை. வழி தவறிவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். பணிப்பெண்ணைக் கேட்டேன். தமிழ் தெரியாத அவள் தண்ணீர் கொடுத்தாள். சுற்றிலும் எல்லோரும் தூங்கினார்கள். அவர்கள் அப்படி நிம்மதியாகத் தூங்கியதே என்னை இன்னும் பயமுறுத்தியது.

முன் இருக்கையின் முதுகில் ஒரு சின்னத் திரை. விமானப் படம், அதன் கீழே ஓர் எண்: 2750. கொஞ்ச நேரத்தில் 2690. கரும்பு வண்டியின் எடைச்சீட்டை வைத்து டீச்சர் நமக்குப் பெரிய எண்களைப் படிக்கச் சொல்லித் தந்தாரே, அப்படித்தான் படித்தேன். குறைகிறது என்றால் எதையோ நெருங்குகிறோம். இன்னும் மூன்றரை மணி நேரம் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் விமானம் விழுந்துவிடும் என்று இருந்தது.

இறங்கியதும் டீச்சருக்குப் போன் செய்து, ஏழு மணி நேரம் என்றீர்களே என்றேன். மறுநாள் வகுப்பில் அவர் கன்னியப்பனின் போனில் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு உங்கள் முன்னால் சொன்னார்: "ஐயாவ பயமுறுத்துனது நான்தான். பொறப்படுறது நம்ம கடிகாரம், எறங்குறது அவங்க கடிகாரம். அங்க மூன்றரை மணி நேரம் பின்னாடி. அத வுட்டுட்டுக் கழிச்சிட்டேன். எல்லாரும் நோட்டுல எழுதுங்க: டீச்சர் தப்பு செய்தார்."

எல்லோரும் எழுதத் தயங்கினீர்கள். எழுதி முடிக்கும்வரை அவர் விடவில்லை. நானும் இங்கே எழுதினேன். பிழையில்லாமல் நான் எழுதிய முதல் முழு வாக்கியம் அது.

அடுத்த வாரம் தனியாகத் திரும்புகிறேன். இந்த முறை இறங்கியதும் கூப்பிட அவர் இல்லை. காலை பத்தரைக்குப் புறப்பட்டு இரவு பன்னிரண்டுக்குச் சென்னை. பதிமூன்றரையில் மூன்றரையைக் கழித்தேன். பத்து மணி நேரம் வருகிறது. நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான் தப்பாகப் போட்டிருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள், வெட்கப்பட மாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.