ஒரு மாத்திரை வெயில்

“தோல் ஊற வைக்கிறவன் பொண்ணு வெள்ளைத்தோலுக்கு மருந்து தடவப் போவுதாக்கும்! ஆறு மாசம் தாங்குமா பாரு முனுசாமி.” ஆம்பூரில் என் அப்பா வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பின் மேஸ்திரி, நான் நர்ஸ் படிப்புக்கு ஜெர்மனி போகிறேன் என்று கேள்விப்பட்ட அன்று அப்பாவிடம் சொன்னது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழில் பள்ளிக்கே முதல் மார்க். அந்தத் திமிரோடுதான் அறுபத்தொன்பதில் ஹனோவரில் வந்து இறங்கினேன். மேஸ்திரி கவனத்துக்கு: இரண்டு வருடம் தாங்கியாகிவிட்டது.

நர்ஸ் விடுதியில் என் அறைத்தோழி ஹெல்கா. முதல் வாரம் ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தால், அவள் கட்டிலில் குப்புறக் கிடக்கிறாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மேலே ஊதா வெளிச்சம் கொட்டுகிற ஒரு விளக்கு. இடி விழுந்த பிறகு வருமே, அப்படி ஒரு வாடை. பக்கத்தில் ஒரு கடிகாரம் டிக் டிக் என்று ஓடுகிறது. நான் பயந்துபோய், “உனக்கு என்ன வியாதி?” என்று கேட்டேன். “வியாதியா? இது வெயில், மாரா!” என்றாள். மரகதம் என்ற என் பெயர் அவள் வாயில் மாரா ஆகியிருந்தது. அந்த விளக்குக்குப் பெயர் ஹோஹன்ஸொன்ன, அதாவது மலையுச்சி வெயில். ஆம்பூரில் சித்திரை மாதம் தெருவில் சும்மா கிடக்கிற பொருளை இங்கே பெட்டியில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள்.

பழுப்பாக இருந்தால்தான் இங்கே ஆரோக்கியம், அழகு, வசதி எல்லாம். கோடை விடுமுறைக்கு ஸ்பெயினோ இத்தாலியோ போய் வந்த அடையாளம் அது. என் வார்டில் ஒரு அம்மாள் என் கையை ஆசையாகத் தடவிப் பார்த்து, “ஷ்வெஸ்டர், இந்த நிறம் எங்கே கிடைத்தது?” என்று கேட்டார். “ஆம்பூரில்” என்றேன். “அங்கே கடற்கரை நன்றாயிருக்குமா? எத்தனை வாரம் இருந்தீர்கள்?” “பத்தொன்பது வருடம்.” அவர் பொறாமையோடு தன் வெளிறிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

இதே நிறத்துக்கு ஊரில் நான் வாங்கிய பட்டங்களை இங்கே எழுதவில்லை. கிணற்றடிக்குப் போனால்கூட அம்மா கறுப்புக் குடையைக் கையில் திணிப்பார். “ஏண்டி, இருக்கிறது போதாதா?” என்பார். அந்தக் குடையும் என்னோடு கப்பல் ஏறியது. மதராஸில் யாரிடமோ சொல்லி வாங்கிய ஒரு களிம்பு டப்பாவும் ஏறியது. பூசினால் வெளுக்கும் என்று அதன் மேல் எழுதியிருந்தது. கல்யாணப் பேச்சு எடுக்கப் போகிறோம், போட்டோ அனுப்பு என்று அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. நான் தினமும் களிம்பைத் தடவிக்கொண்டு டப்பாவை மேசை இழுப்பறைக்குள் துணிக்கடியில் ஒளித்துவைத்தேன். ஆகவே ஒரே அறையில், ஒருத்தி கறுக்கப் படுத்துக் கிடந்தாள். ஒருத்தி வெளுக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெல்காவின் கெண்டைக்காலில் பின்பக்கம் ஒரு மச்சம். “காலில் மச்சம் இருந்தால் ஊர் ஊராகச் சுற்றுவாய் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்” என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லிவைத்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தக் கோடையில் அந்த மச்சம் ஓரம் கலைந்து, கறுத்து, பெரிதாகியிருந்தது. காலுறை உரசினால் ரத்தம் கசிந்தது. அவளோ காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று விளக்கின் கீழேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கு எரியாமல் போனபோது அழுதாள், என்மேல் எரிந்து விழுந்தாள், பிறகு மூன்று மாடி இறங்கி ஓடி யாரிடமோ ஒரு விளக்கை இரவல் வாங்கிவந்தாள். அந்த ஓட்டம்தான் என்னைப் பயமுறுத்தியது.

தோல் பிரிவு டாக்டரம்மாவிடம் காபி நேரத்தில் மெதுவாக ஹெல்காவின் விளக்குப் பைத்தியத்தைச் சொன்னேன். அவர் அவசரமாக எங்கோ போய்க்கொண்டிருந்தார். “அது ஸுக்ட்” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். மச்சத்தைப் பற்றி நான் வாயெடுக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தது ஸூக்ட். ‘தேடுகிறாள்’ என்று அர்த்தம். சரி, பாவம், ஏதோ தேடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் அவளிடம் மிகுந்த பரிவோடு நடந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, “ஹெல்கா, உண்மையில் நீ எதைத் தேடுகிறாய்?” என்று கேட்டேன்.

“என் கறுப்புக் கண்ணாடியை. நீ பார்த்தாயா?”

அப்புறம்தான் சந்தேகம் வந்து அகராதியைப் புரட்டினேன். நெடிலாகச் சொன்னால் தேடுகிறாள். குறிலாகச் சொன்னால் போதைக்கு அடிமையாவது. விடு, வீடு என்று குறில் நெடிலுக்கு உதாரணம் எழுதி முதல் மார்க் வாங்கியவள் நான். ஒரு மாத்திரை பிசகில் இரண்டு வாரத்தைத் தொலைத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் மச்சம் சும்மா இருந்திருக்காது.

அன்று மாலை விளக்கின் செருகியைப் பிடுங்கினேன்.

“உனக்குப் பைத்தியமா? இன்னும் நாலு நிமிடம் இருக்கிறது!”

“அந்த மச்சத்தை டாக்டரிடம் காட்டு.”

“அது என் பயண மச்சம். நீதானே சொன்னாய்!”

“நான் சொன்னது முட்டாள்தனம்.” அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், அதுவரை இந்த ஊரில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். “என் அப்பா தோல் வியாபாரி என்றேனே, பொய். அவர் தொட்டியில் இறங்கித் தோல் ஊற வைக்கிறவர். பதனிட்ட தோலை அங்கே நிழலில்தான் காயப் போடுவார்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடித்துவிடும். செத்த மாட்டுத் தோலுக்கே அந்த மரியாதை உண்டு, ஹெல்கா.”

அவள் எழுந்தாள். நேராக என் மேசை இழுப்பறையைத் திறந்து, துணிக்கடியிலிருந்து அந்த டப்பாவை எடுத்தாள். “இது என்ன மரியாதை, மாரா? எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?”

டப்பாவை அவளிடமிருந்து வாங்கி, “நீ டாக்டரிடம் வந்தால் இதையும் கொண்டுவருகிறேன்” என்றேன்.

டெர்மீன், அதாவது டாக்டரைப் பார்க்கும் நேரம், மறுநாளே கிடைத்தது. டாக்டரம்மா லென்ஸ் வைத்து மச்சத்தைப் பார்த்தார், உடனே அறுவைக்கு நாள் குறித்தார். பிறகு என் டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்து, “க்வெக்ஸில்பர்!” என்றார். பாதரசம். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சாமான். “அவள் விளக்குக்குள்ளேயும் பாதரச ஆவிதான் எரிகிறது. இரண்டு பேரும் ஒரே கடையில் வாங்கினீர்களா?” என்றார். டப்பா குப்பைக்கூடைக்குப் போனது. எனக்கும் சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதில் கோளாறு ஒன்றும் இல்லை.

மச்சத்தின் முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் ஹெல்கா நகத்தைக் கடித்தாள், நான் குறில் நெடிலை நினைத்துக்கொண்டிருந்தேன். கெட்ட மச்சம்தான், ஆனால் ஆழம் போகவில்லை, முழுவதும் எடுத்தாயிற்று என்றார்கள். “இன்னும் ஒரு கோடை விட்டிருந்தால் ஆழம் போயிருக்கும்” என்றார் டாக்டரம்மா. விளக்கை ஹெல்காவே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். இன்னமும் வெயில் அடித்தால் அவள் கழுத்து தானாக ஜன்னல் பக்கம் திரும்பும். நான் இருமுவேன். திட்டிக்கொண்டே நாற்காலியை நகர்த்துவாள்.

போன சனிக்கிழமை விடுதி மாடியில் என்னைப் போட்டோ எடுக்க அவளையே கேட்டேன். அவள் என் ஆம்பூர்க் குடையைப் பிடித்துக்கொண்டு அதன் நிழலில் நின்று எடுத்தாள். “கொஞ்சம் இந்தப் பக்கம் வா, மாரா, உன் முகத்தில் குடை நிழல் விழுகிறது” என்றாள். நான் நகரவில்லை. பவுடர்கூடப் போடாத என் முகம், பாதி ஜெர்மனி வெயிலில், பாதி ஆம்பூர்க் குடை நிழலில் விழுந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டச் சொல்லி அதை அப்படியே, படம் கழுவி வந்த அன்றே, அம்மாவுக்குத் தபாலில் போட்டுவிட்டேன்.