தைலம் விற்ற வருஷம்

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷங்கள் முன்பு நான் பொம்மிடியைச் சுற்றியிருந்த ஊர்களில் கூடை வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். ஊசி, நூல்கண்டு, சீப்பு, ரிப்பன், கைக்கண்ணாடி, சாந்து, குங்குமம். இவ்வளவுதான் என் சரக்கு. என் வீட்டுக்காரர் புளி உலுக்க மரம் ஏறி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. படுத்தபடியே பீடி சுற்றுவார். நான் நடந்தால்தான் அடுப்பு எரியும் என்று ஆனபோது எனக்கு இருபத்திரண்டு வயது.

மாதம் ஒரு முறை ரயிலேறிச் சேலம் போவேன். அங்கே ஒரு மொத்தக் கடைக்காரர் எனக்குச் சரக்குக் கொடுத்தார். ரசம் போன கண்ணாடி, பல் உடைந்த சீப்பு என்று எதைத் திருப்பிக் கொண்டுபோனாலும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார். அந்தத் தைரியத்தில் நானும் ஊர்ப் பெண்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். என் குரல் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். ஒரு வீட்டில் ஊசி முறிந்திருக்கும், இன்னொரு வீட்டில் பெண் சமைந்திருப்பாள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது நான் போகும் முன்பே அவர்கள் மனசில் இருக்கும். நான் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ்வளவுதான். வேண்டாத பொருளை யார் தலையிலும் நான் கட்டியதில்லை.

அந்த ஆளை நான் பார்த்தது பொம்மிடி ரயிலடியில். கோட்டுப் போட்டிருந்தார். பேசும்போது என்னை அம்மா அம்மா என்றார். என் கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். கூந்தல் தைலம். பச்சை நிறம், மல்லிகை வாசனை. புட்டியோடு ஒரு கூப்பனும் இருந்தது.

"ஒரு புட்டி நீங்க எடுத்துக்கங்கம்மா. இன்னும் நாலு பேரை எடுக்க வைங்க. போட்ட பணம் திரும்பிடும். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைச் சேர்த்தா உங்களுக்கு ஒரு பட்டுப்புடவை. அதுக்கு அடுத்த படி நிறைஞ்சா தையல் மிஷின், வூட்டுக்கே பார்சல்ல வந்துரும்."

"தைலம் கடையில விக்கிறதைவிட நாலு பங்கு விலையா இருக்குதுங்களே?"

"இதுவும் கடை வியாபாரம் மாதிரிதாம்மா. மில்லுக்காரன்கிட்டேருந்து ஏஜெண்டு, ஏஜெண்டுகிட்டேருந்து மொத்தக் கடை, அப்புறம் நீங்க, அப்புறம் ஊர்ப் பொம்பளைங்க. அங்கேயும் கை மாறுது, இங்கேயும் கை மாறுது. அங்கே நீங்க கடைசியில நிக்கிறீங்க. இங்கே மேல நிப்பீங்க."

தையல் மிஷின் என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்போதுதான் ரவிக்கை போட ஆரம்பித்திருந்தார்கள். கடைத்தெருவில் ஒரே ஒரு தையல்காரர். ஒரு மிஷின் இருந்தால் வெயிலில் அலையாமல் என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து தைக்கலாம். அவரைத் திருப்பிப் படுக்க வைக்கக்கூட ஆளில்லாமல் நான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு புட்டியை வாங்கிக்கொண்டேன். சேருகிறவர்களுக்கான புட்டிகள் எனக்குப் பார்சலில் வரும், விற்ற பிறகு பணத்தையும் பேரெழுதிய கூப்பனையும் அவர் கொடுத்த ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்ப வேண்டும்.

முதலில் போனது பக்கத்து ஊரில் ஒரு பெரிய குடித்தனக்கார வீட்டுக்கு. அந்த வீட்டு அக்கா எனக்கு ஐந்தாறு வருஷப் பழக்கம். பசியோடு போனால் களி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கூடையை இறக்கச் சொல்வார்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். விலையைக்கூடக் கேட்கவில்லை. இரண்டு மருமகள்களையும் தங்கையையும் அவரே சேர்த்துவிட்டார். அந்தத் தங்கை தன் ஓரகத்தியைச் சேர்த்தாள். மாசி முடிவதற்குள் நாலைந்து ஊர்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் மல்லிகை வாசனை வந்தது.

பட்டுப்புடவை நிஜமாகவே வந்தது. அது வராமல் இருந்திருந்தால் எல்லாம் அத்தோடு நின்றிருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் புடவை. அதைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் போனேன். நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டுப் பார்த்தார்கள், முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், கூப்பன் கேட்டார்கள்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் ஊசி கேட்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றே கேட்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் சேர்க்கப் பார்த்தார்கள். எல்லாரிடமும் ஏற்கெனவே புட்டி இருந்தது. சம்பந்திகள் இரண்டு பேர் அதிலேயே முகம் திருப்பிக்கொண்டார்கள். இன்னொன்றும் கவனித்தேன். ஒரு புட்டி தீர்ந்துவிட்டது, இன்னொன்று கொடு என்று இதுவரை ஒருத்தியும் கேட்டதில்லை.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். பீடி இலையை நறுக்கியபடியே கேட்டார்.

"கடைசியா வாங்குறவ யார்கிட்ட போவா?"

"ஊரு என்ன இத்தோட முடிஞ்சிருச்சா?"

"எங்கியாவது முடிஞ்சுதான் ஆவணும் புள்ள."

மிஷினுக்கு இன்னும் பதினோரு பேர்தான் பாக்கி, அவர்களை நானே சேர்த்தாலும் கணக்கில் வரும். மலைக்குக் கீழே உள்ள ஊர்களில் ஆள் தீர்ந்துவிட்டதால் வத்தல்மலைக்கு ஏறினேன்.

மலையிலும் எனக்கு வாடிக்கை உண்டு. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஊசியும் உப்பும் கொண்டுபோவேன். அவர்கள் சாமையோ தேனோ கடுக்காயோ கொடுப்பார்கள். பத்துப் பன்னிரண்டு குடிசைகள் இருந்த ஒரு சிற்றூரில் என் வயதுக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில்தான் எப்போதும் தங்குவேன். புட்டியை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்களுக்கு இலுப்பெண்ணெ இருக்குதே. இது எதுக்கு?"

"தைலத்துக்காக இல்ல. நீ நாலு பேரைச் சேர்த்தா உனக்குப் பணம் திரும்பும். அப்புறம் புடவை."

"நாலு பேரு" என்று விரல் மடக்கினாள். பிறகு என் புடவையைப் பார்த்தாள். கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். பொழுது சாய்வதற்குள் பதினோரு புட்டிகளும் போய்விட்டன. யாரிடமும் காசு இல்லை. சாமை அளந்து போட்டார்கள். அவள் வீட்டுச் சாமையை என் சாக்கில் கொட்டும்போது சாம்பல் பறந்தது. விதைக்கு எடுத்து வைக்கும் சாமையில்தான் பூச்சி பிடிக்காமல் இருக்கச் சாம்பல் கலப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் சாக்கின் வாயைக் கட்டினேன். விதைப்புக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் அவளுக்குப் பணம் வந்துவிடும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். அவள் சேர்க்க வேண்டிய நாலு பேருக்கும் அவள் கண்ணெதிரிலேயே என் கணக்கில் நான் புட்டி கொடுத்துவிட்டேன் என்பது மலை இறங்கும்போதுதான் உறைத்தது. அப்போதும் திரும்பி ஏறவில்லை.

சாமையைக் கடைத்தெருவில் விற்றுப் பணத்தை மணியார்டரில் அனுப்பினேன். மிஷின் வரவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடுதாசி போட்டேன். அந்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை என்று முத்திரை குத்தி அது திரும்பி வந்தது. கோட்டுக்காரரை அதற்குப் பிறகு ரயிலடியில் யாரும் பார்க்கவில்லை.

கடுதாசி திரும்பிய செய்தி எனக்கு முன்னால் ஊர்களுக்குப் போய்விட்டது. குடித்தனக்கார வீட்டு அக்கா வாசலிலேயே நின்றார்.

"உன்னைய நம்பித்தான் எந்தங்கச்சிகிட்ட சொன்னேன். அவ இப்ப எங்கூடப் பேசறதில்ல. நான் யாரைப் போயி கேக்குறது?"

"எனக்கும் மோசம்தானுங்க அக்கா."

"உனக்குப் புடவை வந்துச்சில்ல?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா சொன்னதில் தப்பில்லை. சேலத்துக்காரரிடம் வாங்கி அவருக்கு நான் கொடுத்த சீப்பு அவர் தலையில் போய் முடிந்தது. அதற்கு அப்புறம் அந்தச் சீப்பால் அவருக்கு யாரிடமும் வேலை இல்லை. கடை வியாபாரத்தில் கடைசியில் நிற்பவளுக்கு ஒரு குறையும் இல்லை, அவளுக்காகத்தான் மற்றவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். இந்தத் தைலத்தில் கடைசியில் நிற்பவளிடம்தான் எல்லார் நஷ்டமும் போய்ச் சேர்ந்தது. யார் கடைசி என்பது வாங்கும்போது யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. மலைக்கு மேலே வேறு ஊர் இல்லை.

பட்டுப்புடவையைக் காரிமங்கலம் சந்தையில் விற்றேன். வந்ததில் விதைச் சாமை வாங்கித் தலையில் சுமந்துகொண்டு மலையேறினேன். அந்த வருஷம் மழை முந்திவிட்டிருந்தது. மற்ற வருஷங்களில் பச்சைப் பிடித்திருக்கும் சரிவுகள் அங்கங்கே களை மண்டிக் கிடந்தன. அவள் வீட்டுக் கொல்லையில் அடுப்பு மேல் காட்டுக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. புட்டி திறக்கப்படாமல் சுவர்க் குழியில் இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. பாய் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள்.

"அந்தாண்ட மலை வரைக்கும் நடந்து கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டு பேரு வரேன்னு சொன்னாங்க, அப்புறம் வரல. கீழ எந்த ஊருல ஆளு இருக்குதுன்னு நீ சொல்லு. நான் எறங்கிப் போயிக் கேக்குறேன்."

அவளுக்கு இன்னும் விஷயம் தெரிந்திருக்கவில்லை. நாலு பேரைக் கண்டுபிடிக்கத் தெரியாதது தன்னுடைய தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆளும் இல்லை, ஆபீசும் இல்லை என்று சொன்னேன்.

"அப்ப மத்த வூட்டுக்காரங்களுக்கு நான் என்னா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

கொண்டுபோன விதை மூன்று வீடுகளுக்குக்கூடப் போதவில்லை. பிந்தி விதைத்ததில் பாதி பதராகப் போயிற்று என்று சுள்ளி விற்க வந்தவர்கள் சொன்னார்கள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒன்றிரண்டு வருஷம் நடந்து பார்த்தேன். என் குரல் கேட்டால் கதவு சாத்திக்கொண்டது. ஊசி வேண்டியவர்கள்கூட வேறு ஆள் வரட்டும் என்று காத்திருந்தார்கள். சரக்கு எடுப்பது குறைந்ததற்குச் சேலத்துக் கடைக்காரர் காரணம் கேட்டார். வீட்டுக்காரர் உடம்பைக் காரணம் காட்டினேன். சண்டை ஆரம்பித்த வருஷம் புளி மண்டியில் கொட்டை எடுக்கும் வேலைக்குப் போனேன். பத்து வருஷம் அந்த வேலைதான். என் வீட்டுக்காரர் சண்டை முடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

அவர் காரியம் முடிந்த பிறகு ஒரு தடவை மலைக்குப் போனேன். அவள் வீட்டு வாசலில் முள் அடைத்திருந்தது. குடும்பத்தோடு குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். எந்த வருஷம் போனார்கள் என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்து, "அந்த வெதைக்காத வருசத்துக்கு அடுத்த வருசம்" என்றாள். நான் யார் என்று அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.