தலைவியக்காவின் ரெக்கோடர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்புத்தளையில் என் ரிப்பேர் கடைக்குள் முதலில் கருகிய வாடை வந்தது. அதற்குப் பின்னால்தான் தலைவியக்கா வந்தார். சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற பழைய ரெக்கோடர், தீப்பெட்டி அளவுக் கேசட் போடுகிற வகை. கூடவே ஒரு கறுப்பு அடாப்டர். அதைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது, எரிச்சலும் வந்தது.

"இது டிஷ் பெட்டியோடதாச்சே அக்கா. இதை எதுக்கு இதுல குத்துனீங்க?"

"பின்னு அளவாப் போச்சேப்பா. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

இதை நான் கேட்காத வாரம் கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள், லயத்துக்கு லயம் டிஷ் பெட்டி உண்டு. பெட்டி செத்தாலும் அடாப்டரை ஒருவரும் வீசமாட்டார்கள். பின் துளைக்குள் போய்விட்டால் அது அந்தச் சாமானுக்குத்தான் செய்தது என்று முடிவு. ரெண்டு சின்னப் பேட்டரியில் ஓடவேண்டிய கருவிக்கு நாலு மடங்கு வோல்டேஜ், அதுவும் பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாக.

அக்கா எங்கள் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. கொழுந்து பறிக்கிறவர்தான், ஆனால் அவர் வாய்க்குப் பயப்படாத, வேலை வாங்குகிற கங்காணி கிடையாது. மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து மண் இறங்கி லயங்களை மூடியபிறகு, எங்கள் மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் கிடந்த வெடிப்பை நாங்களும் வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தோம். நான் பிறந்த ஒற்றையறைக் காம்பரா அந்த லயத்தில்தான், அம்மா இன்னும் அங்கேதான். அப்போது தோட்ட மேனேஜராக இருந்த தொரை ஒருநாள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்துக்கு வந்து, கீழே ரோட்டோரம் வீடு தருவதாகச் சொன்னார். அக்கா அதை ரெக்கோடரில் பிடித்துவிட்டார். மகள் வேலைக்கிருந்த கொழும்பு வீட்டில் வேண்டாமென்று கொடுத்த கருவி அது.

அந்தத் தொரை மாற்றலாகிப் போனார். வீடு வரவில்லை. மழை இறங்கினால் பாடசாலையில் போய்ப் படுப்பதும், விட்டால் திரும்பி வருவதுமாகக் காலம் போனது. யார் சலித்துக்கொண்டாலும் அக்கா ஒன்றுதான் சொல்வார்: "தொரை வாயால சொன்னது எங்கிட்ட இருக்கு." நாடா தேய்ந்துவிடும் என்று ஒருதரம்கூட அதைப் போட்டுக் கேட்காமல் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். வீட்டு விஷயம் பேச, புதிதாக வந்த தொரை அந்த வாரமே அக்காவை வரச்சொல்லியிருந்தார். பேச்சுக்கு நடுவில் பேட்டரி செத்துவிட்டால் மானம் போய்விடுமே என்றுதான் அக்கா அடாப்டரைத் தேடியிருக்கிறார்.

கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சின்னக் கேசட் ஓடுகிற வேறு கருவி பதுளைக் கடைகளிலும் இல்லை. இதையேதான் எழுப்பியாக வேண்டும். உள்ளே கெப்பாசிட்டர்கள் வெடித்திருந்தன, மோட்டாரை ஓட்டுகிற பலகை கரியாகியிருந்தது. பழைய வாக்மேன் ஒன்றைக் கொன்று அதன் மோட்டாரை இதற்குள் திணித்தேன். ஓடியது, வேகம்தான் சரியில்லை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகாணியை ஒரு பக்கம் திருகினால் தொரை குஞ்சுக்கோழிபோலக் கீச்சிட்டார். மறுபக்கம் திருகினால் குடித்தவர்போல இழுத்தார். அக்கா திரும்பி வந்தபோதும் அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம். ஆ, இப்ப தொரைதான்!" என்று சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார்.

தொரை சொன்னார்: "நீங்க பயப்பட வேணாம். வீடு விசயம் நாங்க பாக்குறோம்." உடனே படபடவென்று கைதட்டல். அதையும் மீறி, மைக்குக்குப் பக்கத்தில், மிகச் சத்தமாக ஒரு குரல்: "ரொம்ப நன்றிங்க தொரை!" அது அக்காவின் குரல்.

"தர்றேன்னு சொன்னாரே, அது எங்க?" என்றார் அக்கா. "இன்னொருக்கா போடு." போட்டேன். நாடா முடியும்வரை ஓடவிட்டோம். தர்றேன் என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

நானும் அன்று களத்தில் இருந்தேன். தர்றோம் என்றுதான் எனக்கும் ஞாபகம். தோட்டத்தில் தொரை முடியாது என்றால் நேராக முடியாது என்றே சொல்லிவிடுவார். லீவோ கூரைத் தகரமோ, "பாக்குறோம்" என்று அவர் வாயில் வந்துவிட்டால் கிடைத்தமாதிரிதான் என்று அர்த்தம் பண்ணிப் பழகிய சனம் நாங்கள். களத்திலிருந்து லயத்துக்கு ஏறி வருவதற்குள் எங்கள் வாயிலேயே அது "தர்றோம்" ஆகிவிட்டது.

"தொரை பாக்குறேன்னா தர்றேன்னுதானேப்பா அர்த்தம்?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

"ஆமாக்கா" என்றேன்.

ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். புதிய தொரை மரியாதையான மனிதர், அக்காவுக்கு நாற்காலி போடச் சொன்னார். நாடாவைப் பொறுமையாகக் கேட்டார். கைதட்டல் வந்தபோது மெல்லச் சிரித்தார். "அவர் பாக்குறோம்னுதானே சொல்லியிருக்கார்? பாத்திருப்பார்," என்றார். பக்கத்தில் நின்ற கிளாக்கர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா எழுந்ததும் தொரையும் எழுந்து, "சரி, நானும் பாக்குறேன்," என்றார். தொரைமார் எங்கள் பாஷையை எங்களைவிட நன்றாகப் படித்துவைத்திருக்கிறார்கள்.

இந்த மழைக்கும் அம்மா பாடசாலைத் தரையில்தான் படுக்கிறார், பக்கத்துப் பாயில் அக்கா. என் கடையிலேயே வந்து இருந்துவிடு என்றால் அம்மா கேட்பதில்லை. அக்கா தலைவி வேலையை அன்றோடு விட்டுவிட்டார். இப்போது கங்காணி அதட்டினாலும் குனிந்தபடியே கொழுந்தைப் பறிக்கிறாராம்.

அன்று ஆபீசிலிருந்து தேயிலைக் குறுக்குப் பாதையில் இறங்கி வந்தோம். ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டபிறகுதான் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ இதைச் செஞ்சு குடுக்காமலே இருந்திருக்கலாம் தம்பி," என்றார். "கருகிக் கெடந்தப்ப எங்களுக்கு வீடு இருந்துச்சு."