உப்புக் கருவாடு தின்ற சிவப்பி

கணவர் போனபின் கடப்பாக்கத்து வீட்டில் நானும் நாலு கோழிகளும்தான். போன வருஷம் இறகு உதிர்ந்து முட்டை நின்றுபோனது. "புரதம் பத்தலக்கா, தீவனத்துல கருவாட்டுத் தூள் கலந்து போடு" என்றாள் பக்கத்து வீட்டு மேரி.

சமையலுக்கு வைத்திருந்த கருவாட்டையே இடித்துக் கலந்தேன். அதைக் கண்டதும் நாலும் ஓடிவந்து என் காலைச் சுற்றிக்கொள்ளும். அந்த ஆசையில் மூன்று வேளையும் அள்ளிப் போட்டேன்.

கோழிகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன. வெயில்தான் காரணம் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் காலை நாலில் ஒன்றான சிவப்பி எழ முடியாமல் சாய்ந்து கிடந்தது. அலறிக்கொண்டு மேரியைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, உப்புக் கருவாட்டையா போட்டுகினு கீற? கோழிக்குன்னு உப்பு போடாம காயவச்சது தனியா கீதே!" என்று கத்தினாள்.

தீவனத்தைக் கொட்டிவிட்டு, கால்நடை மருத்துவர் போனில் சொன்னபடி நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினோம். சிவப்பி பிழைத்துக்கொண்டது.

இப்போதெல்லாம் உப்பில்லாத மீன்தூள், அதுவும் காலையில் ஒரு பிடி மட்டும். சாயங்காலம் வெறுங்கையோடு வாசலில் உட்காருகிறேன். மற்ற மூன்றும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சிவப்பி மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.