ஆலாத் திட்டுக்குப் போன வழி

யாழ்ப்பாணத்து மண்டைதீவுக் கரையில் நண்டு பிடிப்பவர்களின் கொட்டிலான ஒரு வாடி இருக்கிறது. வலையில் சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்றி எடுப்பதுதான் அங்கே கஜானியின் வேலை. முப்பத்தொன்பது வயது. சின்ன வயதில் சண்டைக்கு இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் பள்ளிக்கூட விறாந்தையிலும் படுத்து வளர்ந்தவள். வெட்டவெளியில் குடும்பம் நடத்துகிற எதைக் கண்டாலும் அவளுக்கு மனம் கேட்காது.

வாடிக்கு எதிரே ஒரு மணல்திட்டு. நீர் வற்றினால் முழங்கால் தண்ணீரில் நடந்தே போகலாம். சித்திரையில் சின்ன ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் முட்டையிட அங்கே வரும். அவை கூடு கட்டுவதில்லை. சிப்பித் துண்டுகளுக்கிடையே நெஞ்சால் மணலை அமத்திய ஒரு பள்ளம், அதில் புள்ளி விழுந்த இரண்டு முட்டை, அவ்வளவுதான். காலடியில் கிடந்தாலும் தெரியாது.

பறவை ஆராய்ச்சிக்கு வந்த நிலக்சனா என்ற பெண்தான் அதைக் கஜானிக்குக் காட்டிக் கொடுத்தாள்.

"ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்திலை ஒரு சின்னத் தடி ஊண்டிவிடுங்கோ அக்கா. மூண்டு நாளைக்கு ஒருக்கால் பாத்துச் சொன்னால் போதும்."

கஜானி சொன்னபடி செய்தாள். முதல் வருசம் அறுபத்துநான்கு தடி. முப்பத்தொரு குஞ்சு பறந்தது. அன்று அவள் வாடியில் எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினாள்.

இரண்டாம் வருசம் முட்டைகள் காணாமல் போகத் தொடங்கின. திட்டுக்கு அருகில் வலை போடுகிறவர் மார்க்கண்டு. கஜானி எல்லோருக்கும் முன்னால் அவரிடம் கேட்டுவிட்டாள்.

"அண்ணை, அந்த முட்டையளைத் திண்டுதான் வயிறு நிரப்ப வேணுமோ?"

"நான் தொடேல்லைப் பிள்ளை. அம்மாளாணை." அவர் முகம் கறுத்துப் போனது. பிறகு வாடிப் பக்கம் வருவதை விட்டுவிட்டார்.

ஒருநாள் காலையில் கஜானி திட்டிலிருந்து கரைக்குத் திரும்பிய பிறகுதான், முட்டைக் கணக்கு எழுதும் கொப்பியை அங்கேயே மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனாள். திட்டில் அவளுடைய நாய் சூட்டி நின்றது. பட்டணத்தில் வேண்டாமென்று கொண்டுவந்து பாலத்தடியில் விட்டுப்போன நாய்கள் இரண்டும் கூட. அவள் விட்ட கால்தடத்தை மோப்பம் பிடித்தபடி மூன்றும் ஒரு தடியிலிருந்து அடுத்த தடிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு தடியடியிலும் குனிந்து நக்கின. ஆலாக்கள் மேலே கத்திக் கத்திப் பாய்ந்தன. நாய்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கஜானி கல் எறிந்தாள், கத்தினாள், பிறகு மணலில் இருந்துவிட்டாள்.

அவள் நிலக்சனாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாள். "நான்தான் தடி ஊண்டச் சொன்னனான் அக்கா," என்றாள் நிலக்சனா.

கஜானி தடிகளைப் பிடுங்கினாள். சூட்டியைக் கட்டிப் போட்டாள். பழைய வலையால் திட்டைச் சுற்றி அடைத்தாள். பாலத்தடி நாய்கள் வலைக்குக் கீழே மணலைக் கிண்டிக்கொண்டு போயின. வழி தெரிந்த நாய்க்கு அதை மறக்கச் சொல்லி யாராலும் சொல்ல ஏலாது. மிஞ்சிய ஆலாக்கள் திட்டின் தாழ்ந்த ஓரத்துக்குப் போய் மறுபடி முட்டையிட்டன. ஆனியில் சோளகக் காற்றோடு கடல் ஏறி எல்லாவற்றையும் கொண்டுபோனது.

கஜானி மார்க்கண்டு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

"நான் எடுத்திருந்தாலும் நாலு முட்டை எடுத்திருப்பன். மிச்சம் குஞ்சாகியிருக்கும்."



அடுத்த வருசம் ஒன்பது சோடி வந்து இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போய்விட்டது. இந்த வருசம் ஒன்றும் வரவில்லை.

வைகாசியில் ஒருநாள் கடலில் தொழிலுக்குப் போய் வந்த அவள் புருசன் டினேஷ், அல்லைப்பிட்டிப் பக்கம் இன்னொரு திட்டில் முப்பது ஆலா வரை இருக்கக் கண்டதாகச் சொன்னான். அதே கிழமை நிலக்சனா போனில் கேட்டாள்: "வேறை எங்கையாவது இருக்குதோ அக்கா?"

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றாள் கஜானி. வாழ்க்கையில் அவள் அதிகம் பொய் சொன்னதில்லை. அந்தத் திட்டுப் பக்கம் தானும் போகக்கூடாதென்று இருந்தாள். டினேஷையும் கிட்டப் போகவேண்டாமென்று சொல்லிவைத்தாள்.

ஆனி முடியமுன் அவன் ஒரு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு, அவள் முகத்தைப் பாராமல் சொன்னான்.

"தோணியிலை நிண்டுதான் பாத்தனான். அங்கையும் நாய்க் கால்தடம்."

கஜானி சொதியை அவன் சோற்றுக் கோப்பையில் விட்டாள். பிறகு வெளியே போய்ச் சூட்டியின் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாள்.