இறுதி அறிவிப்பை எழுதியவன்

கட்டண வசூலை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்த முதல் மாதமே எங்கள் வயலின் வகுப்பில் ஒரு ரூபாய்கூட நிலுவையில்லை. "ஹண்ட்ரட் பர்சன்ட் கலெக்‌ஷன் சார்" என்றார் நிறுவனத்துப் பெண். மனைவியின் கட்டிலருகே அமர்ந்து அதைச் சொன்னேன்.

"பெரிய காரியந்தான்," என்றாள் கண்ணைத் திறக்காமல். "மாசானத்துக்க மக வந்தாளா?"

வகுப்பு என் மனைவி பகவதியுடையது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் நாற்பது பிள்ளைகளுக்குக் கற்பித்தாள். கட்டணத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் வேலை இருந்ததில்லை. நோய் முற்றியபோது வகுப்பை மூத்த மாணவி ஒருத்தி ஏற்றாள். பில்லிங்கை நான் வெளியே கொடுத்தேன். இன்வாய்ஸ், ரிமைண்டர், பேமென்ட் லிங்க் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பகவதியின் நோட்டைப் பார்த்து நிலுவைப் பட்டியலைப் படியெடுத்து அனுப்பினேன். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று எதுவும் கேட்கவில்லை.

ரிமைண்டரின் மாதிரி ஒப்புதலுக்கு வந்தது. ஆசிரியர் பெயரில் போனால்தான் பெற்றோர் மதிப்பார்கள் என்றார்கள், சம்மதித்தேன். இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ். பொறுக்காமல் நானே மாற்றி எழுதினேன்: "இது இறுதி அறிவிப்பு. நிலுவையைச் செலுத்திய பின்னரே தங்கள் பிள்ளை வகுப்புக்கு வரலாம். இனி நான் நினைவூட்டப்போவதில்லை. பகவதி." கச்சிதமாக அமைந்ததாக அன்று நினைத்தேன்.

மாசானம் தோவாளையில் குத்தகை நிலத்தில் பிச்சிப்பூ பயிரிடுபவர். அவர் மகள் சுபா மூன்று வாரமாக வரவில்லை. ஆனால் அவர்களுடைய எட்டு மாத நிலுவை முழுவதும் கட்டப்பட்டிருந்தது. காரணம் விளங்கவில்லை. பகவதி மறுபடியும் கேட்டதும் பஸ் ஏறினேன்.

"வாங்க சாரே, இரிங்க," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் மாசானம். சுபா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

"பிள்ளைய ஏன் அனுப்பல்ல?"

"வயலின வித்துல்லா பைசா கெட்டினேன். பெறவு வெறுங்கையோட வந்து என்ன செய்ய?"

மாசானமே தொடர்ந்தார்.

"ஓணத்துக்குப் பூ வெல ஏறும்போ மொத்தமாத் தருவேன். அஞ்சு வருசமா டீச்சருக்கும் எனக்கும் அதுதான் பேச்சு. கம்பெனிக்காரன் மெசேஜுன்னா தள்ளியிருப்பேன். லோனுக்காரன் தெனம் பத்து அனுப்புகான், அவனுக்க தமிழப் பாத்தாலே தெரியும். இது டீச்சரே உக்காந்து எழுதினது மாதிரி இருந்து. சீக்கா கெடக்கப்பட்ட மனுஷி, என்ன பணமுடையோன்னு நெனச்சேன்."

எழுதியவன் நான் என்றேன்.

"டீச்சருக்காக நீங்க பழிய ஏத்துக்காண்டாம் சாரே."

பகவதியின் வயலினைச் சுபாவுக்குத் தருவதாகச் சொன்னேன்.

"டீச்சர் வாயால ஒரு வார்த்த சொல்லட்டு. போன்ல போதும். அப்பம் வாங்குகேன்."

வீட்டுக்கு வந்ததும் பகவதி கேட்டாள். அவள் கையில் போனைக் கொடுப்பதென்றால், அவள் பெயரில் நான் எழுதியதை முதலில் படித்துக்காட்ட வேண்டும்.

"பரீட்சையாம்," என்றேன்.

"செரி, முடிஞ்சதும் வரட்டு. அவ வாசிச்ச அந்த வர்ணம் பாதியில நிக்குகு."

பகவதியின் ஈமக்காரியங்கள் முடிந்தபின் வயலினோடு தோவாளைக்குப் போனேன். மாசானம் அதைத் தொட்டுக் கும்பிட்டார். வாங்கவில்லை.

சிறு வகுப்பு நடத்துவோர் பில்லிங்கை வெளியே கொடுப்பதில் பிழையில்லை. அந்த நிறுவனத்தின் கணக்கில் ஒரு தவறும் இருக்கவில்லை. பட்டியலைக் கொடுக்குமுன் கற்பிப்பவரோடு அமர்ந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் படித்துப் பார்க்காத எதிலும் அவர் பெயரை இடாதீர்கள். இட்டுவிட்டால், தெரிந்த அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு அதற்குப் பதினேழு நாட்கள் இருந்தன.